மடு பஸ்ஸில் ஒரோசியா

அக்குறணையில் பாயிஸ் நடத்தும் அச்சகத்துக்குக் கல்யாணக் கார்டு அடிக்க வருகிறவர்கள், உள்ளே மேசையில் இருக்கும் தினுஷாவை 'பிழை பிடிக்கிற பிள்ளை' என்றுதான் சொல்வார்கள். மாப்பிள்ளையின் வாப்பா பெயர் கார்டில் மேலே ஒரு மாதிரியும் கீழே இன்னொரு மாதிரியும் இருந்தால் அவள் கண் நேராக அங்கே போய் நிற்கும். தமிழ்ப் பக்கத்தில் பகல் சாப்பாடு என்றும் ஆங்கிலப் பக்கத்தில் இரவுச் சாப்பாடு என்றும் இருந்த ஒரு கார்டை அவள் கடைசி நேரத்தில் பிடித்திருக்கிறாள். அன்றைக்கு அவள் பிடிக்காமல் விட்டிருந்தால் பாதி ஊர் பசியோடு வீட்டுக்குப் போயிருக்கும் என்று பாயிஸ் இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

தினுஷாவின் வீடு கட்டுகஸ்தோட்டையில். குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். பல்கலைக்கழகம் இருக்கும் பேராதனை ஒரு பஸ் தூரம்தான். ஆனால் அவளுடைய அம்மா டொரதி அதற்கு முன்னால் பேராதனைக்குப் போனது பூந்தோட்டம் பார்க்க மட்டும்தான். பட்டம் கிடைத்த பிறகு என்ன செய்வது என்று தினுஷாவுக்குத் தெரியவில்லை. அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டாள், பதில் வரவில்லை. பாயிஸ் ஆள் தேடினார், போனாள். பட்டதாரிகள் இதைத்தான் செய்ய வேண்டுமா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். பிறகு ஒரு கார்டில் பிழை கிடைத்துவிடும். அந்தச் சந்தோஷத்தில் கேள்வி மறந்துபோகும்.

ஸ்பானிய மொழி அவளிடம் வந்தது கொரோனாக் காலத்தில். வளாகம் மூடிக் கிடந்தது, கையில் போன் இருந்தது, போனில் இலவசப் பாடம் இருந்தது. ஏன் ஸ்பானிஷ் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் வெவ்வேறு காரணம் சொன்னாள். உண்மையான காரணம் அவளுக்கே தெரியாது.

நாவல் வந்த கதையும் அப்படித்தான். டொரதி கண்டி வாவிக்கு மேலே இருக்கும் ஒரு விருந்தினர் விடுதியில் அறை துப்புரவு செய்பவள். வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போகும் பாதி கிறீம் போத்தல், ஒற்றைச் செருப்பு எல்லாவற்றுக்கும் அங்கே ஆள் இருக்கிறது. புத்தகத்துக்கு மட்டும் ஆள் இல்லை. ஒருநாள் கோப்பிக் கறை படிந்த ஒரு தடித்த புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து மகளிடம் நீட்டினாள். "புள்ள, இது நீங்க போன்ல பேசுற பாஷை மாதிரி இருக்கு. பாருங்க."

அதை வாசித்து முடித்தபோது தினுஷாவுக்கு அழுகையும் வந்தது, ஆசையும் வந்தது. தமிழில் கொண்டுவர வேண்டும் என்கிற ஆசை. பாயிஸ் வருடத்துக்கு ஒரு புத்தகம் சொந்தச் செலவில் போடுகிறவர். அவருடைய மனைவி சகீனா அதை 'வருசத்துப் பைத்தியம்' என்பார். இந்த வருடத்துப் பைத்தியம் ஸ்பானிய நாவல் என்று முடிவானது. மின்னஞ்சல் போட்டு அனுமதியும் வாங்கினார்கள்.

கதை நடப்பது ஸ்பெயினின் வடக்கே ஒரு மலைக் கிராமத்தில். ஒரோசியா என்கிற பெண்ணின் கணவன் கழுதைகளை ஓட்டிக்கொண்டு உப்பு வாங்கப் போகிறான், திரும்பி வரவில்லை. ஊரில் அதே மாதிரி ஒரு பழைய கதைப்பாட்டு இருக்கிறது. பாலத்தடியில் பானையோடு நிற்கும் பெண், வழிப்போக்கனுக்குத் தண்ணீர் கொடுத்து, தன் கணவனைக் கண்டாயா என்று கேட்டு, காத்திருப்பேன் என்று முடிக்கும் பாட்டு. நாவலில் அது ஆறு இடங்களில் வருகிறது. முதலில் ஊரே கூடிப் பாடுகிறது, பிறகு வண்ணாத்திகள் பாடுகிறார்கள், சத்திரக்காரன் பாடுகிறான், ஒரு சிப்பாய் பாடுகிறான், பிள்ளைகள் கயிறடித்துக் குதித்துக்கொண்டு பாடுகிறார்கள். ஒரோசியா மட்டும் பாடுவதில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கடைசிப் பக்கத்தில்தான் அவளும் பாடுகிறாள்.

தினுஷா ஒரு வருடமாக வேலை செய்தாள். பின்னேரங்களில் வீட்டில் சத்தமாக வாசிப்பாள், அம்மா விடுதித் துணிகளை அயன் பண்ணிக்கொண்டே கேட்பாள். சத்தமாக வாசித்தால்தான் பிழை தெரியும் என்பது அச்சகத்துப் பழக்கம். முடித்து, பாயிஸிடம் கொடுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த பாயிஸ் கதிரையை அவள் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"தங்கச்சி, கதை நல்லம். ரெண்டு நாளா நான் கடைய கவனிக்கல்ல. ஆனா இந்தப் பாட்டு எனக்கு வெளங்கல்ல."

"எந்தப் பாட்டு நானா?" பாயிஸை அவள் அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எந்தப் பாட்டா? ஈக்கிறது ஒரு பாட்டுத்தானே. ஆறு எடத்துலயும் அதே. மூணாவது தரம் வரக்குள்ள நான் பக்கத்தப் பெரட்டிட்டேன்."

"அது நாட்டுப்பாட்டு. அந்த ஊர்ச் சனங்க திரும்பத் திரும்பப் பாடுறது."

"பாடட்டும். வாசிக்கிற மனிசனுக்கு வேல ஈக்கி." அவர் கடைசித் தாளை எடுத்தார். "இங்க பாருங்க. இந்தப் பொம்புள வீட்டப் பூட்டுறா, பாலத்தால நடக்கிறா, ஊர விட்டுப் போறா. போகக்குள்ள என்ன பாடுறா? காத்திருப்பேன் எண்டு பாடுறா. போறவ ஏன் காத்திருப்பேன் எண்டு பாடணும்?"

"அது ஒரு முரண் நானா. எழுதினவர் வேணும்னு வச்சது." வளாகத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் அதே குரலில் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"முரணோ என்னமோ. மொதல் பாட்டு ஈக்கட்டும், மத்த அஞ்சையும் தூக்குவம். பக்கமும் கொறையும். திங்கக்கிழம அச்சுக்கு ப்ளேட் போடணும்."

தினுஷா தாளைப் பார்த்தாள். அந்தப் பாட்டுகளைக் காப்பாற்ற ஒரு நியாயம் தேடினாள். கடைசியில் "சரி நானா" என்று சொல்லிவிட்டாள். 

மறுநாள் காலையில் கட்டுகஸ்தோட்டைக் கோயிலடியிலிருந்து மடு மாதா கோயிலுக்கு பஸ் கிளம்பியது. ஆவணி மாதாத் திருவிழாவுக்கு வருடா வருடம் போகிற பஸ். ஜொனி என்கிற சிங்களச் சாரதிதான் எப்போதும் ஓட்டுவார். இந்தப் பஸ்ஸுக்குச் சில சட்டங்கள் உண்டு. மாத்தளை வரும் வரைக்கும் செபமாலை. அதுவரை யாரும் சத்தமாகச் சிரிக்கக்கூடாது. மாத்தளை தாண்டியதும் டோல்கி என்கிற சின்ன மேளம் வெளியே வரும். அதன் பிறகு ஒரு தண்ணீர்ப் போத்தல் கைக்குக் கை போகும். போத்தல் யார் கையில் வருகிறதோ அவர் ஒரு பாட்டுக் கட்ட வேண்டும், அதுவும் பஸ்ஸில் இருப்பவர்களைப் பற்றி. கட்டத் தெரியாதவர் அடுத்த கடையில் முழு பஸ்ஸுக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பஸ் அக்குறணையைக் கடக்கும்போது செபமாலையின் மூன்றாவது காரணிக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பாயிஸின் கடைக் கதவு இன்னும் திறக்கவில்லை. தினுஷா 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே அந்தக் கதவைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் ஐந்து பாட்டுகள் வெட்டுப்படக் காத்திருந்தன.

மாத்தளை போனது. டோல்கியை எடுத்தவர் றெஜினோல்ட். டொரதியின் தம்பி, தினுஷாவுக்குத் தாய்மாமன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. அதனால் ஊரில் எந்த வீட்டில் என்ன சண்டை, எந்த வீட்டில் என்ன கறி என்று அவருக்குத் தெரியாதது இல்லை. ட்ரிப் பஸ்ஸில் அவரைக் கண்டு எல்லோரும் பயப்படுவார்கள், அவர் வராவிட்டால் ட்ரிப்பே வேண்டாம் என்றும் சொல்வார்கள். முதல் அடி சாரதிக்கு விழுந்தது.

"ஜொனி அண்ணன் ஓட்டுறாரு, ஜோராத்தான் ஓட்டுறாரு,
ஆமை ஒண்ணு கோன் அடிச்சு அங்கிட்டால போயிருச்சு."

ஜொனி பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், அதே தாளத்தில், சிங்களத்தில் பதில் பாடினார். அந்தப் பதிலை இங்கே எழுத முடியாது. முன் சீட்டில் இருந்த அருட்சகோதரிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கியதிலிருந்து விளங்கியது.

போத்தல் ஆடி ஆடி வந்து தினுஷாவின் மடியில் விழுந்தது.

"நான் தேத்தண்ணி வாங்கித் தாறேன்" என்றாள் உடனே.

"கேளுங்க சனங்களே" என்றார் றெஜினோல்ட். "நாலு வருசம் பேராதனை, ஒரு வருசம் ஸ்பெயின். ஒரு வரி வரல்ல."

"மாமா, நான் மொழிபெயர்க்கிற ஆள். பாடுற ஆள் இல்ல."

"அப்ப நான் பாடுறத மொழிபெயர்த்துப் பாடுங்க."

பஸ் சிரித்தது. தினுஷாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வரி வரவில்லை. டொரதி கையை நீட்டிப் போத்தலைப் பறித்துக்கொண்டாள். "அவளை விடுங்கடா. அவ பாட்டு எனக்குத் தெரியும்."

ஒரு வருடம் அயன் பண்ணிக்கொண்டே கேட்ட பாட்டு. டொரதி அதை றெஜினோல்டின் தாளத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பாலத்து ஓரத்தில பானை வச்சுக் காத்திருந்தா,
உப்பு மூட்டை ஏத்திவந்த ஒத்த ஆளப் பாத்துக் கேட்டா:
தண்ணி தாறேன், குடிச்சிருங்க, தாகமெல்லாம் தீத்திருங்க,
வந்த வழி மேல எங்க வீட்டுக்காரரக் கண்டீங்களா?"

அங்கே நிறுத்திவிட்டாள். நாவலில் வழிப்போக்கனின் பதில் உண்டு, 'கண்டேன், அறுவடைக்கு முன் வருவான், காத்திரு' என்று. டொரதிக்கு அது தெரியும். ஆனால் இது ட்ரிப் பஸ். கேள்வியோடு நிறுத்தினால் போத்தல் வாங்குகிறவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் போத்தலைப் பின்னால் எறிந்தாள்.

பிடித்தவள் இராஜேஸ்வரி, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், தாளம் தப்பாதவள்.

"கண்டேன் அக்கா தம்புள்ளையில, கத்தரிக்கா மூட்டை மேல,
தூங்கிப்போயிக் கெடந்தாரு, தூக்கிவிட ஆளு இல்ல."

அவளுடைய புருஷன் அவளுக்குப் பக்கத்தில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். சிரிப்புச் சத்தத்தில் எழும்பி, "வந்திட்டமா?" என்று கேட்டார். அடுத்தது ஒரு இளைஞனின் கையில் போனது. அவன் எழுந்து நின்று, மூன்று சீட்டுக்கு முன்னால் இருந்த நிலூஷா என்கிற பெண்ணின் பின்னலைப் பார்த்துக்கொண்டு பாடினான்.

"கண்டாலுமே சொல்லமாட்டேன், காரணத்தக் கேட்டுக்கோங்க,
அவரு வந்து சேந்துபுட்டா ஆரு தண்ணி தாறதிங்க?"

நிலூஷாவின் காது சிவந்தது. அவளுடைய அப்பா தொண்டையைச் செருமினார். தினுஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதே மாதிரி ஒரு பதிலை எங்கேயோ வாசித்த ஞாபகம். சத்திரக்காரன். நாவலில் ஒரோசியாவை விரும்பும் சத்திரக்காரன் பாடுகிற இடத்தில், வழிப்போக்கன் கண்டேன் என்று சொல்ல மாட்டான், தண்ணீரை மெதுவாகக் குடித்துக்கொண்டே இருப்பான். அதை அவள் தமிழில் எழுதவில்லை. அது பிழை என்று நினைத்தாள்.

போத்தல் றெஜினோல்டிடம் வந்தது. அவர் யோசிக்காமல் அடித்தார்.

"கண்டேன் அக்கா கட்டாரிலே, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்,
பாலம் எந்தப் பக்கமுன்னு பாதையில கேட்டிருந்தார்."

பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் சிரிப்பை விழுங்கினார்கள். டொரதியின் புருஷன் அந்தோனிமுத்து கட்டார் நாட்டில் லொறி ஓட்டுகிறார். தினுஷா பள்ளிக்கூடம் போகிற காலத்தில் போனவர், இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் நத்தார்ப் பண்டிகைக்கு வருவார். றெஜினோல்டின் கை டோல்கியில் மெதுவானது. அக்காவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

டொரதி போத்தலைக் கேட்டு வாங்கினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். எழுந்து, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டாருன்னா சொல்லு தம்பி, பக்கத்து வீட்ல சாவி இருக்கு,
பானை இருக்கு பாலத்துல, பஸ்ஸு ஒண்ணு வந்திருக்கு,
காத்திருக்க நேரமில்ல, காலு ரெண்டும் சும்மா இல்ல,
மடு மாதா கூப்புடுறா, மத்த கதை பிறகு சொல்லு."

பஸ் கூரை பறந்துவிடும் போல இருந்தது. பெண்கள் சீட்டில் அடித்தார்கள். ஜொனி கோன் அடித்தார். றெஜினோல்ட் டோல்கியைத் தலைக்கு மேலே தூக்கி அக்காவைக் கும்பிட்டார். கடைசி வரியைப் பின் சீட்டுகள் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடின. ஒவ்வொரு தரமும் மடு மாதா கூப்பிட்டாள்.

தினுஷா மட்டும் சிரிக்கவில்லை. அவள் போனை எடுத்து, நாவலின் பக்கங்களைப் படம் பிடித்து வைத்திருந்ததைத் தேடினாள். பஸ் ஆடியது, எழுத்துகள் ஆடின. கடைசிப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். ஒரோசியாவின் பாட்டில் கேள்வியே இல்லை. பெண் வழிப்போக்கனுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். பானையைக் கீழே வைக்கிறாள். பாலத்தைக் கடந்து போய்விடுகிறாள்.

இந்த வரிகளை அவள் ஒரு வருடத்துக்கு முன்பே பார்த்திருந்தாள். பார்த்து, எழுதினவருக்கு முன்னால் எழுதினது மறந்துவிட்டது என்று தீர்மானித்தாள். அவளுக்குத் தெரிந்த பாட்டு கோயில் பாட்டுப் புத்தகத்தில் இருப்பது. இலக்கம் சொன்னால் எல்லோரும் ஒரே வரியைப் பாடுவார்கள், வேறு வரி பாடினால் பாடியவர் பிழை. அவளுக்குத் தெரிந்த வேலை கல்யாணக் கார்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று இருந்தால் கீழே இருப்பதைத் திருத்த வேண்டும். ஆகவே ஆறையும் முதல் பாட்டுக்குச் சமமாக்கினாள். எவ்வளவு கவனமாகச் செய்தாள் என்று நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இப்போது ஒவ்வொன்றாக வந்தன. வண்ணாத்திகளின் பாட்டில் கணவன் செத்துப்போகிறான், ஏனென்றால் அந்த ஆற்றங்கரையில் துணி அடிக்கிற எல்லோரும் விதவைகள், ஒரோசியாவையும் தங்களோடு சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பப் பயந்த சிப்பாயின் பாட்டில் வழிப்போக்கனே கணவன், அவள்தான் அடையாளம் தெரியாமல் நிற்கிறாள். பிள்ளைகள் கயிறடிக்கும்போது, கேள்வி கேட்டு அலுப்புக் கொடுத்த பெண்ணை வழிப்போக்கன் ஆற்றில் தள்ளிவிடுகிறான், அவர்களுக்கு 'தொபுக்கடீர்' என்று குதிக்க ஒரு இடம் வேண்டும். யாரும் ஒரோசியாவிடம் நேராக எதுவும் சொல்வதில்லை. பாட்டை வளைத்துச் சொல்கிறார்கள். அவளும் நாவல் முழுக்க வாய் திறக்காமல் இருந்து, கடைசியில் பாட்டை வளைத்துத்தான் பதில் சொல்கிறாள். தினுஷாவின் தமிழில் அவள் போகும்போது காத்திருப்பேன் என்று பாடினாள். பாயிஸ் கேட்டது சரியான கேள்வி.

சிரிப்பு அவளுக்கு அப்போதுதான் வந்தது. வந்தது நிற்கவில்லை. "என்ன புள்ள?" என்றாள் டொரதி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஒண்ணுமில்லம்மா. நீங்க புத்தகத்தோட கடைசிப் பக்கத்துக்குப் போய்ட்டீங்க."

தம்புள்ளையில் பஸ் நின்றது. தினுஷா இறங்கிப் போன் எடுத்தாள்.

"நானா, பாட்டை வெட்டாதீங்க."

"அஞ்சையும் தூக்கியாச்சே தங்கச்சி. இப்பதான். பக்கம் அழகா வந்திரிக்கி."

"தூக்கினது பரவாயில்ல. அந்த அஞ்சும் எப்படியும் பிழை. புதுசா அஞ்சு தாறேன்."

"நாந்தான் ஒரே பாட்டு வாணாம் எண்டேனே."

"ஒரே பாட்டு இல்ல நானா. அந்தப் புத்தகத்துல ஆறும் வேற வேற. நான்தான் எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டேன். கல்யாணக் கார்டுல செய்யிற மாதிரி."

மறுபக்கம் பாயிஸ் சிரிக்கத் தொடங்கினார். "அப்ப அந்தப் பொம்புள கடைசில என்னதான் பாடுறா?"

"காத்திருக்க மாட்டேன்னு பாடுறா."

"அல்ஹம்துலில்லாஹ். ரெண்டு நாளா எனக்கு அதுதான் கொடைச்சல்." பின்னால் கேட்ட டோல்கிச் சத்தம் அவர் காதுக்குப் போயிருக்க வேண்டும். "அதென்ன, கல்யாண வீட்டுலயா ஈக்கிறீங்க?"

றெஜினோல்ட் பக்கத்தில் வந்து போனை வாங்கிக்கொண்டார். "நானா, வணக்கம். நான் இவட மாமா. பாட்டு இப்ப உங்க கையில. வீட்டுக்காரரைக் கண்டீங்களா, இல்லையா? தாளத்தோட சொல்லணும். இல்லாட்டி முழு பஸ்ஸுக்கும் தேத்தண்ணி."

"தம்பி, நான் கடைக்காரன். எனக்கு எங்க பாட்டு. தேத்தண்ணிதான்."

தினுஷா போனைத் திருப்பி வாங்கினாள். "தேத்தண்ணி வேணாம் நானா. அதுக்குப் பதிலா ரெண்டு கிழமை தாங்க."

பாயிஸ் பெருமூச்சு விட்டார். "பள்ளிவாசல் நோட்டீஸ் ஒண்டு கெடக்கு. அத மொதல்ல போடுறேன். நல்லபடியா கும்பிட்டுட்டு வாங்க. எனக்காகவும் கேளுங்க." வைக்கப் போனவர் மறுபடியும் பேசினார். "கார்டுல மட்டும் கை வைக்காதீங்க. கார்டுல எல்லாம் ஒண்டாத்தான் ஈக்கணும்."

மடுவில் அவள் என்ன கேட்டாள் என்பது அவளுக்கும் மாதாவுக்கும் தெரியும். திரும்பி வந்த பிறகு பின்னேரங்கள் மறுபடியும் வாசிப்பில் போயின. பஸ்ஸில் கேட்ட வரிகள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் அவை பஸ்ஸுக்குச் சொந்தம். கத்தரிக்காய் மூட்டையை ஸ்பெயினுக்கு அனுப்பும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று யோசித்து, இல்லை என்று முடிவு செய்தாள். ஒவ்வொருவரும் பாடும்போது எதற்காகப் பாடுகிறார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாள். வண்ணாத்திகளின் பாட்டுக்குத் துணி அடிக்கும் மூச்சு வைத்தாள். சத்திரக்காரனின் பாட்டை நீட்டினாள், தண்ணீர் தீரக்கூடாதே. பிள்ளைகளின் பாட்டை வாசித்தபோது டொரதி சிரித்ததில் விடுதிச் சட்டை ஒன்று கருகப் பார்த்தது.

கடைசிப் பாட்டை வாசித்த பின்னேரம் டொரதி அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பானைய என்ன செஞ்சா?"

தினுஷா பக்கத்தைப் பார்த்தாள். "கீழ வச்சா. அவ்வளவுதான் இருக்கு."

"நல்லது. வாறவங்க குடிப்பாங்க."

அப்போது டொரதியின் போனில் செய்தி வந்த மணி அடித்தது. பஸ்ஸில் யாரோ எடுத்த வீடியோவை றெஜினோல்ட் தன் அத்தான் அந்தோனிமுத்துவுக்கு அனுப்பியிருக்கிறார். அத்தான் கட்டாரிலிருந்து டொரதிக்குக் குரல் பதிவில் பதில் போட்டிருக்கிறார். அந்தோனிமுத்து கோயிலில்கூட வாயசைக்கிற ஆள், பாடியதை யாரும் கேட்டதில்லை. டொரதி போனை மேசையில் வைத்து அழுத்தினாள். லொறி எஞ்சின் சத்தத்துக்கு நடுவில், தாளம் எங்கேயோ, ராகம் எங்கேயோ, ஒரு குரல் கூச்சத்தோடு வந்தது.

"சாவி எடுத்தேன், கதவத் திறந்தேன், சட்டிக்குள்ள சோறு எங்க?"

டொரதி மறுபடியும் போட்டாள். பிறகு இன்னொரு தரம்.

"தாளம் பிழை" என்றாள், முகம் முழுக்கச் சிரிப்போடு.

"திருத்தித் தரவாம்மா?"

"வேணாம். அப்படியே இருக்கட்டும்." அயன் பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள். போத்தல் அவள் கையில் இருக்கிற மாதிரி உதடு அசையத் தொடங்கியது, அடுத்த வரியைத் தேடிக்கொண்டு. தினுஷா கடைசித் தாளை மேலே வைத்து, பாயிஸுக்குக் கொண்டுபோகக் கட்டினாள்.